கேசவன் திரும்பி வந்த ஞாயிறு

நாற்பத்துமூன்று வயது. இடது தோளில் இரண்டு தடவை கத்தி வைத்தாயிற்று. போன வருடம் ஒரு அணியும் கூப்பிடவில்லை, வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனானாம், அவனே பேட்டியில் சொன்னான். அந்த மனுசனைப் போய்ப் பந்தெறிய எடுத்திருக்கிறார்கள் எங்கள் பேஸ்போல் ஆட்கள். மூளை இருக்கிறதா இவர்களுக்கு என்று புதன்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பது சமையலறைச் சுவரிடம்தான், அதுவும் நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. மணிக்குத் தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் பந்தெறிந்தவன், இப்போது எண்பத்தேழைத் தாண்டினால் பெரிய காரியம். கீழ் அணியில் இருபத்திரண்டு வயதில் ஒருவன் நெருப்பாக எறிகிறான், அவனை இருத்திவைத்துவிட்டு இவனை எடுக்கிறார்கள். அனுபவம் வேண்டுமாம். அனுபவமா வந்து பந்தெறியும்? இப்படிக் கோபப்படுவது எனக்கு நல்லது, கோபத்தில் கை வேலை செய்யும், இடியப்பம் பிழிந்து, சொதி வைத்து, டப்பாவில் போட்டு, துணியால் சுற்றி, பையில் வைத்து, பஸ்சும் ஏறியாயிற்று. ஆனால் இது கோபம் இல்லை. புதன்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையோடு டிவிக்கு முன்னால் நின்றபோது அந்த முகம் வந்தது, தாடி முழுக்க நரை, கண் மட்டும் பழைய கண், கீழே பெயர் ஓடியது, வலேரியோ கெசாடா, பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடி நம் பேஸ்போல் அணியில், என்று. கோப்பையைக் கீழே வைத்தேன். பயம் என்று அதற்குப் பெயர். பயந்துபோனேன். என் கணவரால் அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்ல முடிந்ததே இல்லை, கெசாடா வந்த முதல் வருடமே அவனைக் கேசவன் ஆக்கிவிட்டார், எங்கள் வீட்டில் அவன் கேசவன்தான், ஏதோ எங்கள் ஊர் உரும்பிராயில் பிறந்து டொமினிக்கனுக்குப் போன சொந்தக்காரன் மாதிரி. இன்றைக்கு ஞாயிறு. ஒரு மணி ஏழு நிமிடத்துக்குக் கேசவன் எறிகிறான். நான் என் கணவரிடம் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருக்கிற டிவியை யாரும் போடாமல் இருக்க வேண்டும்.

மார்க்கம் வீதி பஸ் எக்லிண்டன் சந்தியில் நின்று நின்று போகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் எல்லாம் இப்படித்தான், ஓட்டுகிறவருக்கும் ஓடுகிற பஸ்சுக்கும் அவசரம் இல்லை. இவர் இருப்பது ஷெப்பர்ட் சந்திக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லம், மூன்றாம் மாடி, இரண்டு வருடமாகிறது. இவருக்கு மறதி நோய். மறதி என்று சொல்கிறார்கள், எனக்கென்னவோ இவர் மறக்கவில்லை என்றுதான் தோன்றும், ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். அந்த வருடத்தில் இவருக்கு ஐம்பத்தாறு வயது, டவுன்டவுனில் நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை, மடியில் சின்ன ரேடியோ. கேசவனுக்கு இருபத்தைந்து. எங்கள் மகன் துவாரகனுக்குப் பத்தொன்பது, வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். நான் போய்க் கதிரையில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு நாளும் இரண்டு கேள்வி, ஒரே ஒழுங்கில். இஞ்சரும், இண்டைக்குக் கேசவனோ எறியிறான்? நான் சொல்லுவேன், இல்லையப்பா, நாளைக்கு. சரி என்று தலையை ஆட்டுவார். பிறகு, தம்பி போன் அடிச்சவனோ? அடிச்சவன், பிறகு வாறனெண்டவன். அதற்கும் சரி. அதற்குப் பிறகு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துக் கொடுத்தால் சாப்பிடுவார். கேசவன் எங்கேயோ அரிசோனாவிலும் டெக்சாசிலும் கிடந்து தோளை உடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என் பொய்க்கு ஒரு குறையும் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே ஒருத்தனை எவ்வளவு காலம் தள்ளிவைக்கலாம்? எவனாவது அவனைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தும் வரைக்கும். இப்போது நிறுத்தியிருக்கிறார்கள், நரைத்த தாடியோடு. இவர் அந்தத் தாடியைப் பார்த்தால் கணக்குப் போடுவார். கணக்கில் இவர் புலி, பெயர் போனாலும் கணக்குப் போகவில்லை. கேசவனுக்கு இத்தனை வயதென்றால் இது எந்த வருடம், இது இந்த வருடமென்றால் தம்பி எங்கே?

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், என் தலையில் நீலத் தொப்பி, அணியின் தொப்பி, அறுபத்தாறு வயது மனுசி கொண்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு போனால் ஸ்காபரோவில் எல்லாரும் ஒருதரம் பார்ப்பார்கள். அவர் தலையிலும் அதே தொப்பி. தமிழ் ஆள். அன்ரி, இண்டைக்குக் கிழவன் எறியிறான் எல்லோ, என்றார். ஓமோம் என்றேன். மூண்டு இன்னிங்ஸ் தாங்காது பாருங்கோ, பிடிச்சு உரிச்சுப்போடுவாங்கள். எனக்கு உடனே சுருக்கென்று வந்தது, இவ்வளவு நாளும் நானே சொன்னதுதான், ஆனால் வேறு ஆள் சொல்லக் கேட்டால் பொறுக்கவில்லை. ஏன் தாங்காது, வேகம் போனால் போகட்டும், அவன்ர கீழை விழுற பந்து எங்கை போனது, அதை இண்டைக்கும் ஒருத்தரும் தொடேலாது, என்றேன். அவர் சிரித்தார். நீங்கள் பழைய ஆள்போலை, என்று சொல்லித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காதோரத்தில் நரை, இரண்டு பக்கமும், கொஞ்சம், மற்றபடி கறுப்பு. முப்பத்தைந்து, முப்பத்தேழு இருக்கும். நான் அதைப் பார்த்தேன், பிறகு பார்க்காமல் யன்னலுக்குத் திரும்பினேன். எல்லா இடத்திலும் இருக்கிறார்கள் இந்த வயதுக்காரர்கள். வங்கியில், பல் டொக்டரின் அறையில், கோயிலில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. எனக்கு அவர்கள் யார் மேலும் கோபம் இல்லை. பார்க்க மாட்டேன், அவ்வளவுதான். என்னுடையவன் பத்தொன்பதில் நிற்கிறான், தாடி ஒழுங்காக முளைக்காமல், காலில் எப்போதும் அதே சப்பாத்து, அவனை நான் அங்கேயே வைத்திருக்கிறேன், அங்கேயிருந்து அசைந்தால் என்னால் பிடிக்க முடியாது.

பையைத் தொட்டுப் பார்த்தேன், டப்பா சூடாக இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஸ்கோர் எழுதுகிற கொப்பி. வருடா வருடம் புதுக் கொப்பி வாங்குகிறேன், இந்த வருடத்துக் கொப்பி மேசையில் கிடக்கிறது, ஆனால் இன்று காலை கை அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்ப் பழையதை எடுத்தது. அந்த வருடத்துக் கொப்பி. பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள். இந்த விளையாட்டை ஒழுங்காகப் பார்க்கிற ஆட்கள் பந்துக்குப் பந்து எழுதிவைப்பார்கள், ஒவ்வொரு அடிக்கிறவனுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் என்ன நடந்ததென்று சின்னக் குறி. இவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். பொய் சொல்லக்கூடாது, முதலில் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் மரக்கறி வெட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டேன், பிறகு தம்பியைவிட நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு வேலை. கூண்டுக்குள் ரேடியோவில் கேட்பார், கேட்டுக்கொண்டே எழுத முடியாது, கார்கள் வந்துகொண்டே இருக்கும். அதனால் நான் வீட்டில் டிவியில் பார்த்து எழுதிவைப்பேன், இவர் வேலையால் வந்து கைகால் கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்வார், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பதுபோல முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் விரல் வைத்துப் படிப்பார். அதில் ஒரு குறி இருக்கிறது. நல்ல பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிக்கிறவன் வெளியே. மூன்றாவது பந்துக்கு மட்டையை வீசி, வீசியது படாமல் வெளியே போனால் ஆங்கிலக் கே, நேராக. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, வீசாமல், பந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்று வெளியே போனால் அதே கே, ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல முகம் திருப்பி. இரண்டுக்கும் ஸ்கோரில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் எழுதுகிறவர்களுக்கு உண்டு. வீசினவன் ஏதோ செய்துபார்த்தான். நின்றவன் நின்றான்.

லோரன்ஸ் சந்தி. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். அந்த ஞாயிறும் இப்படித்தான் மே மாதம், ஆனால் மழை, மைதானத்துக் கூரையை மூடிவைத்து ஆடினார்கள். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் வெளியே, கேசவன் இன்னும் பந்தெறிகிற மேட்டில் நிற்கிறான், முழு ஆட்டத்தையும் தானே எறிந்து முடிக்கப் போகிறான், இந்தக் காலத்தில் யார் அப்படி எறிகிறார்கள். அடிக்கிறவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரே ஒரு பந்து. மடியில் கொப்பி, கையில் பென்சில், சோபாவின் கைப்பிடியில் வீட்டு போன். அது அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன், போனின் சின்னக் கண்ணாடியில் தம்பியின் நம்பர். அஜாக்சில் ஒரு தளபாடக் கடையில் வேலை செய்தான், வேலை முடிந்திருக்கும், என்ன கேட்கப்போகிறான், சாப்பாடு என்ன என்று கேட்பான். ஒரு பந்துதானே, எறிந்து முடியட்டும், பிறகு கூப்பிடுவோம் என்று நினைத்தேன். ஐந்து தரம் அடித்தது. எண்ணினேன் என்று இல்லை, ஆனால் ஐந்து என்று தெரியும். நான் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன், டிவியில் சனம் பெரிதாகக் கத்தியது, நிமிர்ந்தால் எல்லாரும் கேசவனுக்கு மேலே விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள். வென்றுவிட்டோம். மூன்றாவது பந்தை நான் பார்க்கவில்லை. கீழே விழுகிற பந்தாகத்தான் இருக்கும், அதற்கு எல்லாரும் மட்டையை வீசிச் சறுக்குவார்கள், அப்படித்தானே என்று நேராகக் கே எழுதினேன். எழுதிவிட்டு அவர்கள் துள்ளுவதையும் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றும் இருக்கும். அதற்குப் பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதன் பிறகு இந்தப் பதினெட்டு வருடத்தில் எந்தப் போனையும் நான் முதல் மணியில் எடுக்காமல் விட்டதில்லை, கம்பளம் கழுவுகிறோம், கூரை மாற்றுகிறோம் என்று அடிக்கிறவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்க ஹலோ சொல்லுகிற மனுசி இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்ஸ்மியர் தாண்டிவிட்டது. இனி நெடுஞ்சாலை வரும், பஸ் அதற்கு மேலால் போகும். கிழக்கே அஜாக்சிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பக்கம் வருவதற்கு இறங்குகிற வளைவு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடுகிற இடம். இன்றைக்கும் தேடினேன். டப்பா, கொப்பி, பென்சில், கண்ணாடிக்கூடு, போன், மறுபடி டப்பா. அன்றைக்குத் தம்பிக்கு பஸ் தவறிவிட்டது, அம்மாவைக் காரோடு வரச்சொல்லுவம் என்று அடித்துப் பார்த்தானாம். எடுக்கவில்லை என்றதும் கூட வேலை செய்த சிநேகிதனின் காரில் ஏறியிருக்கிறான். மழைத் தண்ணீர், வளைவு, வேகம். சிநேகிதனுக்குக் கால்தான் முறிந்தது. ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து, இவர் இல்லாத நேரம், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், அன்ரிக்குத்தான் முதல் அடிச்சவன் என்று. பாவம், ஏதோ ஆறுதலாகச் சொல்வதாக நினைத்திருப்பான், கடைசியில் உங்களைத்தான் நினைத்தான் என்பதுபோல. பிறகு கல்கரிக்குப் போய்விட்டான். அப்படிப் பார்த்தால் இது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். இவருக்குச் சொல்லவில்லை. முதல் வருடம் சொன்னால் இவர் தாங்கமாட்டார் என்று சொல்லவில்லை. பிறகு, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று சொல்லவில்லை. பிறகு இவர் போய்விட்டார், ஆள் இருந்தும் போய்விட்டார். இல்லத்துக்கு வந்த புதிதில், தம்பி எங்கை என்று கேட்டபோது, எனக்குப் பொய் சொல்லத் தெரியாத காலம் அது, உள்ளதைச் சொன்னேன். இவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. அந்த அழுகையை நான் பதினெட்டு வருடத்துக்கு முன் ஒருதரம் கேட்டிருந்தேன், திரும்பவும் அதே அழுகை, ஒரு சத்தம் குறையாமல். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே கேட்டார், தம்பி போன் அடிச்சவனோ? இவரைப் பார்க்கிற பிலிப்பினோப் பிள்ளை மரிசா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், இனி அவரைத் திருத்தாதே, அவர் போகிற பக்கமே நீயும் போ என்று. அன்றிலிருந்து போகிறேன். ஆனால் நடந்தது என்னவென்றால், அவன் போன் அடித்தவன்தான். ஒவ்வொரு நாளும் நான் சொல்லுகிற பொய்யில் அந்த ஒரு சொல் மட்டும் உண்மை.

இவருக்குத் தெரியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதுதான் என்னை அரிப்பது. அந்த வருடம் பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள் இவர் கொப்பியைத் தேடி எடுத்தார். யாருக்குத் தெரியும் ஏனென்று, வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எடுத்திருப்பார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார், விரல் கடைசிக் கட்டத்தில். இஞ்சை பாரும், இது பிழை. நான் ரேடியோவிலை கேட்டனான், இவன் மட்டையை வீசேல்லை, பாத்துக்கொண்டு நிண்டவன். நீர் பாக்கேல்லையோ? தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை தவறிட்டுது, என்றேன். கை தவறுகிற ஆள் நான் இல்லை என்று இவருக்குத் தெரியும், அந்தக் கொப்பி முழுக்கத் தேடினாலும் வேறு ஒரு பிழை கிடையாது. அது எத்தனை மணிக்கு முடிந்த ஆட்டம், வீட்டு போனில் தம்பியின் நம்பர் எத்தனை மணிக்குப் பதிவாகியிருந்தது, எத்தனை மணிக்குப் பொலிஸ் வந்தது, கணக்கில் புலிக்கு அதெல்லாம் எவ்வளவு நேரம்? பென்சில் இவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. திருத்தவில்லை. கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் என் பக்கத்தை விரல் வைத்துப் படிக்கவில்லை. எனக்கு இரக்கம் காட்டினாரா, தண்டனை தந்தாரா? பதினெட்டு வருடமாக அந்தக் கட்டத்தில் நேராக நிற்கிறது அந்தக் குறி, ஏதோ நான் மட்டையை வீசிப்பார்த்தவள் மாதிரி. கேசவன் வருவதற்கு வேறு அணியே கிடைக்கவில்லையா. போய் டெக்சாசில் எறியக்கூடாதா.

ஷெப்பர்ட்டில் இறங்கும்போது அந்தத் தொப்பிக்காரர் கை காட்டினார், அன்ரி, கிழவனுக்காகக் கும்பிடுங்கோ. நேரம் ஒரு மணி மூன்று நிமிடம். பஸ் செய்த வேலை. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியிருந்தது, அங்கே நின்றுகொண்டே போனை எடுத்து மரிசாவுக்கு அடித்தேன், காலையிலும் சொன்னேன், டிவி போடாதே, இன்றைக்கு மட்டும் போடாதே. யாரோ வேறு பிள்ளை எடுத்தாள், மரிசாவுக்கு மதியம் ஓய்வாம். விளக்கு மாறியதும் ஓடினேன். அறுபத்தாறு வயதில் ஓடுகிறாயே விழுந்து தொலைக்கப்போகிறாய் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு, வாசலில் பெயரெழுதி, கைக்குக் கிருமிநாசினி பூசி, லிஃப்ட் வர, லிஃப்ட் ஏற, மூன்றாம் மாடி, கதவு திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. சனத்தின் சத்தம். மைதானத்தில் நாற்பதினாயிரம் பேர் எழும்பி நின்று கை தட்டுகிற சத்தம், கிழவனுக்காக. பொது அறையில் டிவி, அதற்கு முன்னால் சக்கர நாற்காலிகள், நடுவில் இவர், மடியில் போர்வை, முதுகை நிமிர்த்திக்கொண்டு. திரையில் கேசவன் தலையைக் குனிந்தபடி மேட்டுக்கு நடந்து வருகிறான், வெள்ளைக் கோடு வந்ததும் காலைத் தூக்கிச் சின்னதாக ஒரு தாண்டல், கோட்டை மிதிக்க மாட்டான், அன்றைக்கும் மிதிக்க மாட்டான். கேசவன், என்றார் இவர், தனக்குத்தானே. நான் போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். இனித் தடுக்க எதுவும் இல்லை. கமெரா கிட்டப் போனது, தொப்பிக்குக் கீழே முகம், தாடி, நரை, கன்னத்தில் கோடுகள். இவர் பார்த்தார். நெற்றி சுருங்கியது. விரல்கள் போர்வையில் ஒவ்வொன்றாக மடங்கின. கணக்கு நடக்கிறது. எனக்கு அந்தப் பழைய அழுகை காதுக்குள் தொடங்கிவிட்டது, இவர் வாய் திறக்க முதலே.

நரைச்சுப்போட்டுது, என்றார்.

ஓமப்பா.

கேசவன் தம்பியைவிட ஆறு வயசு மூப்பு. இவர் என்னைப் பார்த்தார், குழம்பவில்லை, தெளிவாக, எதையோ கண்டுபிடித்த சந்தோஷத்தோடு. அப்ப எங்கட தம்பிக்கும் நரைக்கத் தொடங்கியிருக்கும், என்ன?

நான் இதற்கு ஆயத்தமாக வரவில்லை. அழுகைக்கு வந்தேன், கேள்விக்கு வந்தேன், சாவுக்கே இன்னொருதரம் வந்தேன், இதற்கு வரவில்லை. பதினெட்டு வருடமாக நான் அசையாமல் பிடித்துவைத்திருந்த பிள்ளையை இவர் ஒரு வாக்கியத்தில் முப்பத்தேழுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காதடியிலை, என்றேன். ரண்டு பக்கமும், கொஞ்சம். மற்றதெல்லாம் கறுப்புத்தான். இவர் தலையாட்டினார், தனக்கும் அந்த வயதில் அப்படித்தான் என்பதுபோல. கொப்பியை எடுத்தேன், வெறும் பக்கத்தைத் திறந்தேன், பென்சிலை எடுத்தேன். முதல் அடிக்கிறவன் வந்து நின்றான். கேசவன் எறிந்தான், எண்பத்தாறு மைல், ஸ்ட்ரைக். இன்னொன்று, ஸ்ட்ரைக். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், தம்பி போன் அடிச்சவனோ?

அடிச்சவன், என்றேன். வழக்கமாக அதற்குப் பிறகு வருகிற சொற்கள் வரவில்லை. அடிச்சவனப்பா. நான் எடுக்கேல்லை. மட்ச் முடியட்டும் எண்டு விட்டிட்டன். அஞ்சு தரம் அடிச்சது. நான் பாத்துக்கொண்டு இருந்திட்டன்.

சனம் கத்தியது. நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தபோது அடிக்கிறவன் மட்டையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். இவர் கொப்பியைப் பார்த்தார், வெறுமையாக இருந்த முதல் கட்டத்தை.

பாத்தனீரோ?

இல்லை. நான் பாக்கேல்லை.

இவர் கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். கொப்பியைத் தன் மடிக்கு இழுத்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, முகம் திருப்பிய கே எழுதினார், எழுத்தின் ஒரு கால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வீசேல்லை, நிண்டவன், என்றார். பிறகு பென்சிலையும் கொப்பியையும் திருப்பித் தந்து என் முழங்கையில் மெல்லத் தட்டினார். பறவாயில்லை. தம்பி திரும்ப அடிப்பான்.

ஓம், என்றேன்.

அடுத்தவன் வாறான், எழுதும்.

பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரிக் கொப்பியின் மேல் ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த கட்டத்தில் பென்சிலை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தேன்.